நாலரை அடி

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் 'எல்லை தாண்டிய பாதுகாப்பும் சுற்றுச்சூழல் சவால்களும்: பிராந்திய வல்லுநர்களின் பார்வை' என்று எழுதியிருந்தது. நானும் ஒரு பிராந்திய வல்லுநர்தான், அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். உண்மையில் நான் செய்வது ஒரே வேலை. மேலே இருக்கிற நாட்டிலிருந்து நம் நாட்டுக்குள் இறங்கி வருகிற ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர், அத்தான், எனக்கு 'அளவுக்காரி' என்றே பேர் வைத்துவிட்டார். அக்காவுக்கு நான் இன்னும் குட்டிதான், நாற்பத்தொன்பது வயதுக் குட்டி.

வேலை கேட்கத்தான் சுலபம். அந்த நாட்டுக்காரர்கள் தினமும் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஆற்றின் உயரத்தை ஒரே ஒரு எண்ணாக அனுப்புவார்கள். ஆனால் உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் இரண்டு நாட்டுக்கும் ஒத்துப்போனதே இல்லை. அவர்களுடைய பூஜ்யம் நம்முடைய பூஜ்யத்துக்கு நாலரை அடி கீழே இருக்கிறது. ஒரே தண்ணீரை அவர்கள் நாற்பது என்பார்கள், நாம் முப்பத்தைந்தரை என்போம். யார் பூஜ்யம் சரி என்று இரண்டு தலைமுறையாகக் கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் அவரவர் பூஜ்யம் அவரவருக்கு என்று எழுந்து போய்விட்டார்கள். அதனால் அவர்கள் எண் வந்ததும் நாங்கள் நாலரையைக் கழிப்போம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இரண்டு முறை மறந்ததால், நானே ஒரு தாளில் பெரிதாக எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டினேன். 'எண் வந்ததும் நாலரையைக் கழி. எழுத்தில் கடிதம் வராமல் இதை யாரும் மாற்றக் கூடாது.'

கழித்து வந்த எண் ஆற்றோரத்துச் சிற்றூர் ஒன்றின் அறிவிப்புப் பலகைக்குப் போகும். முப்பத்திரண்டுக்குக் கீழே பச்சை விளக்கு. முப்பத்திரண்டில் மஞ்சள், முப்பத்துமூன்றில் சிவப்பு. ஆற்றங்கரை மேடு முப்பத்துமூன்று அடி. அதைத் தாண்டினால் தண்ணீர் ஊருக்குள் வரும். மேலே அளந்த தண்ணீர் அந்த ஊருக்கு வந்து சேர எட்டு மணி இருபது நிமிடம் ஆகும். முன்பெல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே சொந்தமாக ஒரு அளவுகோல் தூண் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தைப் பாதுகாப்புப் பகுதி என்று வேலி போட்டு எடுத்துக்கொண்டார்கள். அப்போதிலிருந்து அவர்கள் அனுப்பும் எண்ணை விட்டால் எங்களுக்கு வேறு நாதி இல்லை.

அக்கா வீடு அந்தப் பலகையிலிருந்து நாலாவது வீடு. தெருவே பள்ளம். தரை மட்டம் முப்பது அடி. அளந்தது நான்தான். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகிறது. வலது பக்கம் சுத்தமாக வராது, பேச்சு மட்டும் மெதுவாக வரும். கூடத்தில் கட்டிலில் படுத்திருப்பார். ஆள் நல்ல கனம். திருப்பிப் படுக்க வைக்கவே அக்கா பக்கத்து வீட்டில் ஒருத்தியைத் துணைக்குக் கூப்பிடுவாள். மொட்டை மாடிக்கு வெளிப்பக்கமாக ஒரு இரும்புப் படி, ஒரு ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஏறுகிற அளவுதான் அகலம்.

அன்றைக்குக் காலை எட்டேகாலுக்கு, கருத்தரங்கு நடக்கும் கட்டடத்து வாசலில் நின்றுகொண்டு அலுவலகத்தோடு பேசினேன். அவர்கள் எண் முப்பத்தாறு. இரண்டு நாளாக மேலே நல்ல மழை. முப்பத்தாறில் நாலரை போக முப்பத்தொன்றரை. மஞ்சளுக்கு அரை அடி குறைவு. பச்சை என்று சொல்லி ஒப்புதல் கொடுத்தேன். இரவு எண் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு வரிசையில் நின்று போனை வாசல் காவலரிடம் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன். பாதுகாப்பைப் பற்றிப் பேசும் இடமாம், யாரும் போன் கொண்டு போகக் கூடாதாம்.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் தரப்பின் பாதுகாப்பு வல்லுநர் பேசினார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். நதியே இன்று ஆயுதம் ஆகிவிட்டது என்று ஆரம்பித்தார். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். இந்த மாதம் முதல் தேதி, ஒரே இரவில், ஆற்றில் நாலரை அடி தண்ணீர் குறைந்திருக்கிறது, மேலே இருப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மதகை மூடியிருக்கிறார்கள் என்றார். திரையில் போட்ட நீர்மட்ட வரைபடம் என் அலுவலகத்தில் வரைந்தது. முதல் தேதி அந்த எண் சட்டென்று இறங்கியது எனக்கும் தெரியும். நானும் அப்படியேதான் நினைத்தேன். மதகை மூடிவிட்டார்கள், வழக்கம்போல் நம்மிடம் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவர்கள் எதைச் சொல்லிவிட்டுச் செய்தார்கள்? கேட்டாலும் பதில் வராது என்று நான் கேட்கவே இல்லை.

மதியச் சாப்பாட்டில் எதிர்க்கரைக்காரர் தட்டோடு என்னிடம் வந்தார். அந்த நாட்டில் என் வேலையைச் செய்கிறவர். பதினைந்து வருடப் பழக்கம், வருடத்துக்கு ஒரு கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம். எல்லையில் சண்டை சச்சரவு வந்தபிறகு ஒருவருக்கொருவர் நேராகப் போன் செய்யக் கூடாது என்று இரண்டு பக்கமும் தடை. அவர் முகம் சுண்டியிருந்தது.

"நாங்க எந்த மதகையும் மூடல, மேடம். உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதான் ஒண்ணாந் தேதியிலேருந்து உங்க பூஜ்யத்துக்கே மாத்தி அனுப்புறோம். இனிமே நீங்க கழிக்க வேண்டாம்னு கடிதம் போட்டோமே, வரலையா?"

கையில் இருந்த தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. அவர்கள் ஏற்கெனவே கழித்து அனுப்பிய எண்ணில் இருபத்திரண்டு நாளாக நாங்கள் இன்னொரு தடவை கழித்துக்கொண்டிருந்தோம். ஆறு தாழ்ந்து ஓடும் காலம் என்பதால் இருபத்தொரு நாள் அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. இன்று காலை வந்த முப்பத்தாறு, முப்பத்தாறேதான். கரை மேட்டுக்கு மேலே மூன்றடி.

மணி ஒன்று இருபது. தண்ணீர் நாலு இருபதுக்கு ஊரில் இருக்கும். இதைச் சொல்லத் தாளோ பென்சிலோ வேண்டியதில்லை. அவருக்கும் வேண்டியிருக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

வாசலுக்கு ஓடினேன். போன் அலமாரியின் சாவி வைத்திருந்த அதிகாரி விருந்தினரோடு சாப்பிடப் போயிருந்தார். காவலர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அங்கே இருந்த மேசைத் தொலைபேசியில் கட்டடத்துக்குள்தான் பேச முடியும். ஊரில் வெள்ளம் வரப்போகிறது என்றேன். அவர் பதறிப்போய் யாரிடமோ பேசினார், அந்த ஆள் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். நான் தலைகீழாக நின்றிருந்தாலும் அந்த அலமாரி திறந்திருக்காது. சாவி வந்தபோது மணி இரண்டு ஐந்து. பல்லில் குச்சியோடு வந்த அந்த அதிகாரியின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவர் செய்தது சாப்பிடப் போனது மட்டும்தான், அது எனக்கும் தெரியும்.

எங்கள் அலுவலக இயக்குநரைப் போனில் பிடித்தேன். ஒப்புதல் கொடுப்பது நான். ஆனால் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற இயக்குநர் கையெழுத்தும் பாதுகாப்புப் பிரிவின் கையெழுத்தும் வேண்டும். அவர் கேட்ட முதல் கேள்வி, கடிதம் எங்கே என்பது. விசாரித்தார். பாதுகாப்புப் பிரிவில் இருந்தது. பதினெட்டு நாளாக அங்கேயே இருந்தது. இத்தனை காலம் இல்லாமல் திடீரென்று அவர்கள் நமக்கு எதற்கு உதவி செய்ய வேண்டும், உள்நோக்கம் என்ன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்களாம். சொல்லும்போது இயக்குநருக்கே குரல் இறங்கிவிட்டது.

எதிர்க்கரைக்காரர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில், முதல் தேதியிலிருந்து எங்கள் எண் உங்கள் பூஜ்யத்தில் உள்ளது, கழிக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படி எழுதிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அவர் வேலைக்கே உலை வைக்கக்கூடிய காரியம். படம் பிடித்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் இயக்குநர் கூப்பிட்டார்.

"கையெழுத்து இருக்கும்மா. முத்திரை இல்லையே. சீல் இல்லாத தாளை வச்சுக்கிட்டு நான் அங்க போய் என்ன பேசுறது? நான் முயற்சி பண்றேன், நீ பதறாத."

மீட்புப் படைக்குப் போன் போட்டேன். அவர்கள் திரையில் அந்த ஊர் பச்சையாக இருந்தது. பச்சையில் இருக்கிற ஊருக்கு வண்டி அனுப்ப வழியில்லை, உங்கள் அலுவலகத்திலிருந்து மாற்றிச் சொன்னால் அடுத்த நிமிடம் கிளம்புகிறோம் என்றார் ஒரு பெண். என் அலுவலகம்தான் என்றேன். அப்படியானால் நீங்களே மாற்றலாமே என்றாள். நியாயமான பேச்சு. அந்தக் கழித்தலை அவ்வளவு பத்திரமாகச் சுவரில் ஒட்டி வைத்த என் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

அக்காவைக் கூப்பிடும்போது இரண்டு நாற்பது. எடுத்ததும், சாப்பிட்டாயா என்று கேட்டாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பலகை பச்சையாத்தானே குட்டி இருக்கு? இப்பதான் பார்த்துட்டு வந்தேன். போன வருஷம் தெருவையே கூட்டி வச்சு நீதானே சொன்ன, போன்ல யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க, நானே சொன்னாலும் நம்பாதீங்க, பலகையை மட்டும் பாருங்கன்னு?"

சொன்னேன். அதற்கு முந்தைய வருடம் வெள்ளம் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியில் ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. ஓடிய வீடுகளில் திருடன் புகுந்தான். அதனால் நானே போய், தெருமுனைக் கடைக்காரர் கொடுத்த நாற்காலி மேல் ஏறி நின்று, வரிக்கு வரி அப்படித்தான் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது நன்றாக இருந்த அத்தான்தான் முதலில் தட்டினார்.

என் குரல் உடைந்ததில் அக்கா நம்பினாள். தெரு நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். இரண்டு பெண்களுமாக அத்தானைத் தூக்கிப் பார்த்து, கட்டிலை விட்டு ஒரு சாண்கூட நகர்த்த முடியாமல் விட்டார்கள். அந்தப் படியில் அவரை ஏற்ற நாலு ஆண்களாவது வேண்டும். முனைக் கடைக்காரர் கடையிலிருந்து எட்டிப் பலகையைப் பார்த்தார், பச்சை. உங்கள் தங்கச்சி சொன்னதைத்தான் நாங்கள் கேட்கிறோம், சாயங்காலம் கடையை எடுத்து வைத்துவிட்டு நாலு பேரோடு வந்து தூக்குகிறேன், கவலைப்படாதீர்கள் என்றாராம். அக்கா இதைச் சொன்னபோது மணி மூன்று நாற்பது. வாடகை வண்டிக்காரர் ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை.

நான் இருந்த நகரத்திலிருந்து அந்த ஊருக்கு ஆறு மணி நேரம். போன் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பேசக்கூடிய எல்லாரிடமும் பேசியாகிவிட்டது. ஊராட்சிக்காரர் போன் எடுக்கவில்லை. இயக்குநர் பாதுகாப்புப் பிரிவின் வாசலில் நிற்பதாகச் செய்தி அனுப்பினார். எதிர்க்கரைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் பழையபடியே அனுப்பியிருக்கலாம், உதவி செய்யலாம் என்று நினைத்ததுதான் தப்பு என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தேற்ற எனக்குத் தெம்பு இல்லை. உள்ளே கூட்டறிக்கை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் 'தகவல்களை உரிய காலத்தில் பகிர்வதன் இன்றியமையாமையை வல்லுநர்கள் ஒருமனதாக வலியுறுத்தினர்' என்று வந்தது. யாரோ ஒருவர் வந்து, நீங்கள் இரண்டு பேரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றார்.

நாலு பதினெட்டுக்கு அக்கா கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல். கரை மேட்டைத் தாண்டி வருகிறது, தெருவில் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறார்கள் என்றாள். கடைக்காரர் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாளாம். அக்கா ஒருவரையும் திட்டவில்லை. வாசலில் ஏறி, கூடத்துக்குள் வந்துவிட்டது என்றாள்.

"கட்டில் ரெண்டடி உசரம், குட்டி. தலைமாட்டுல தலையணையை அடுக்கி உக்கார வச்சிருக்கேன். எவ்வளவு வரும், சொல்லு."

என் வாழ்நாளில் என்னை யாரும் இவ்வளவு நேராக ஒரு எண் கேட்டதில்லை. முப்பத்தாறில் முப்பது போனால் ஆறு. பொய் சொல்லலாமா என்று நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஒரு அடிதான் வரும் என்றால் அக்கா நிம்மதியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். எழுந்து போகவே மாட்டாள்.

"ஆறடி, அக்கா."

தண்ணீர் பாத்திரங்களில் மோதுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, நீ மட்டும் மாடிக்குப் போ. இப்பவே போ."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, அவள் போனைக் கட்டிலில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தான் குரல் வந்தது. ஒவ்வொரு வார்த்தையாக, இழுத்து இழுத்து.

"அளவுக்காரி சொன்னா... சரியாத்தான் இருக்கும். போடி."

பிறகு அக்கா அழுகிற சத்தமும், அவர் மறுபடியும் மறுபடியும் போ, போ என்று சொல்கிற சத்தமும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரி வந்து அக்காவை இழுத்தாள் என்று நினைக்கிறேன். போனை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது கட்டிலிலேயே இருந்தது. நான் வைக்கவில்லை. அத்தான், அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை அவர், சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இணைப்பு போய்விட்டது. எதிர்க்கரைக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உள்ளே கைதட்டினார்கள்.

பலகை ஐந்து ஐம்பதுக்குச் சிவப்பானது. எல்லாக் கையெழுத்தும் வாங்கி, முறைப்படி மாற்றினார்கள். படகுகள் ஏழு மணிக்குப் போயின. தெருவில் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் மாடிகளில் பிழைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள்தான் என்னால் ஊருக்குள் போக முடிந்தது. அத்தானின் இறுதிச் சடங்கு முடிந்திருந்தது. அக்கா பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில், யாரோ கொடுத்த சேலையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் காலடியில் உட்கார்ந்து மடியில் தலையை வைத்துக்கொண்டேன். தலையைத் தடவிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். சுவரில் சேற்றுக் கறை இருக்கிறதாம். கடைக்காரரிடம் டேப் வாங்கி அளந்திருக்கிறாள்.

"ஆறடி. நூல் பிடிச்ச மாதிரி ஆறடி. ஏன் குட்டி, ஒரே ஒரு தடவை, நீ தப்பாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அலுவலகத்தில் யாரோ செய்த பிசகு என்றுதான் அக்கா அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காலை எட்டேகாலுக்கு முப்பத்தாறிலிருந்து நாலரையைக் கழித்து, பச்சை என்று சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் கை என் தலையில் இருந்தது.